டெடி வெதர்ஃபோர்ட்: கீழ்த்திசை கண்ட ஜாஸ் வித்வான்

(பாரிவாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அமெரிக்காவிலே பிறந்து, சீனத்திலும் இலங்கையிலும் நம் தேசத்திலும் வாசித்து, கல்கத்தாவிலே கண்மூடிய ஒரு பியானோ வித்வானைப் பற்றிப் பாரிவாக்கத்திலே பேசவேண்டிய அவசியம் என்ன வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பு நியாயமானதே. ஆயினும், முகூர்த்த நாளின் மாலைப்பொழுதில் இந்த ஆவடிச் சாலையிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் நடந்து செல்பவர், ஒரு மண்டபத்தில் நாகஸ்வரத்தையும், மாப்பிள்ளை அழைப்பிலே பாண்டு வாத்தியத்தையும், வரவேற்பு மேடையிலே கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்த மெல்லிசைக் கச்சேரியையும் கேளாமல் வீடு சேர முடியாது. இவற்றுள் பிந்திய இரண்டும் கடல் கடந்து வந்தவை. பாண்டு பட்டாளத்தின் பின்னால் வந்தது. பூவிருந்தவல்லியோ வெள்ளையர் காலத்துக் கண்டோன்மென்ட், ஆவடியோ இரண்டாம் உலக யுத்தம் வளர்த்த இராணுவக் கிடங்கு. ஆகவே மேலைநாட்டு வாத்தியத்தின் சரித்திரம் இவ்வூராருக்கு அந்நியமான விஷயமன்று.

நம் சங்கீத சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்லும். முத்துசுவாமி தீக்ஷிதர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னைப் பக்கம் தங்கியிருந்த நாட்களில், கோட்டையிலே முழங்கிய ஐரோப்பிய பாண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்ற பெயரில் முப்பதுக்கு மேற்பட்டவை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர் பிடில் கற்றுக்கொண்டதன் பயனாக, பிடில் இல்லாமல் கச்சேரி இல்லை என்னும் நிலை பிற்காலத்தில் ஏற்பட்டது. கேட்டது நல்லதாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை நம் முன்னோருக்கு இருந்தது. அந்தச் செவியோடுதான் இன்று நாம் டெடி வெதர்ஃபோர்ட் என்பவரின் வாழ்க்கையை அணுகவேண்டும்.

வெதர்ஃபோர்ட் 1903ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, வர்ஜீனியா மாகாணத்தில் போகஹாண்டாஸ் என்னும் சிற்றூரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அதே 1903 டிசம்பரில், பம்பாய்க் கடற்கரையிலே ஜாம்ஷெட்ஜி டாடா கட்டிய தாஜ்மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இல்லை. முப்பத்துமூன்று வருஷங்களுக்குப் பிறகு ஏற்பட்டது. பன்னிரண்டாம் வயதை ஒட்டி அவர் நியூ ஆர்லியன்ஸ் நகரம் சேர்ந்து, அங்கே பியானோ பயின்றார். அவர் பயின்ற காலமும் அந்நகரில் ஜாஸ் உருப்பெற்று வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தது அவருடைய பாக்கியம்.

ஜாஸ் என்றால் என்ன என்பதை, கச்சேரி கேட்டுப் பழகிய உங்களுக்கு விளக்குவது கடினமன்று. வாத்தியக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டின் மெட்டை முதலில் ஒருமுறை வாசித்து நிலைநிறுத்துவார்கள். அந்தப் பாட்டு பெரும்பாலும் 32 பார் (தாள ஆவர்த்தனம்) கொண்ட ஒரு சுற்றாக இருக்கும். பிறகு அந்தச் சுற்றின் அளவும், அதற்குள் வரும் கார்டுகளின், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின், வரிசையும் குலையாமல், ஒவ்வொருவராகத் தம் கற்பனைக்கு ஏற்பப் புதிய மெட்டை அந்தக் கணத்திலேயே புனைந்து வாசித்து, சுற்று முடியும் இடத்தில் அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள். நம்மவர் மனோதர்மம் என்று போற்றுவது அங்கேயும் உண்டு. நாம் ராகத்தின் எல்லைக்குள்ளே சஞ்சரிக்கிறோம், அவர்கள் மாறி மாறி வரும் கார்டுகளின் மேலே சஞ்சரிக்கிறார்கள் என்பதே முக்கியமான வேற்றுமை.

இதிலே பியானோ வாசிப்பவரின் பொறுப்பு பெரிது. அக்காலத்திய பாணியில் அவருடைய இடக்கை செய்த வேலையைச் சற்றே நெருங்கிப் பாருங்கள். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில், முதல் எண்ணிக்கைக்கு இடக்கையின் சுண்டுவிரல் மிகவும் தாழ்ந்த ஒரு ஸ்வரத்தைத் தட்டும். இரண்டாவது எண்ணிக்கைக்குள் அதே கை ஒரு சாணுக்கும் மேலே தாவி, நடு ஸ்தாயியில் மூன்று நான்கு ஸ்வரங்களை ஒருசேர அமுக்கும். மூன்றாவதற்கு மறுபடியும் கீழே, நான்காவதற்கு மறுபடியும் மேலே. கண் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் கெட்டுவிடும். ஆகையால் தூரத்தைக் கையே அறிந்திருக்கவேண்டும். இந்த ஓட்டம் ஒரு நிமிஷத்துக்கு இருநூறு எண்ணிக்கை என்னும் துரிதத்தில் நடந்துகொண்டிருக்க, வலக்கை தன் போக்கில் கற்பனை செய்யும். மிருதங்கத்தின் வேலையையும் சுருதியின் வேலையையும் இடக்கை செய்ய, பாடகரின் வேலையை வலக்கை செய்கிறது என்று சொல்லலாம். இந்தப் பாணியிலே அசாத்தியமான வலிமை பெற்றவர் என்று வெதர்ஃபோர்ட் இளம் வயதிலேயே பெயரெடுத்தார்.

அந்தப் பெயரை அவருக்குத் தந்தது சிகாகோ நகரம். அங்கே வெண்டோம் என்னும் சினிமாக் கொட்டகையில், எர்ஸ்கின் டேட் என்பவரின் வாத்திய கோஷ்டியிலே அவர் பியானோ வாசித்தார். பேசும் படம் வாராத காலம். படத்துக்கு ஏற்ற வாத்தியத்தைக் கொட்டகையிலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள். படம் பார்க்க வருவோர்போலவே வாத்தியம் கேட்க வருவோரும் அங்கே திரண்டார்கள் என்றால், காரணம் அந்தக் கோஷ்டியின் தரமே. ஜாஸ் உலகின் சக்கரவர்த்தியாகப் பின்னாளில் விளங்கிய லூயி ஆம்ஸ்ட்ராங் அதே கோஷ்டியில் டிரம்பெட் ஊதினார். 1926 மே மாதத்தில் அவர்கள் வாசித்த இரண்டு இசைத்தட்டுப் பக்கங்கள் இன்றும் கிடைக்கின்றன; இருபத்திரண்டு வயது வெதர்ஃபோர்ட்டின் விரல்வேகத்துக்கு அவை அத்தாட்சி. ஜாஸ் பியானோவின் போக்கையே மாற்றியவர் என்று புகழப்படும் ஏர்ல் ஹைன்ஸ் சிகாகோ வந்து சேர்ந்தபோது, அந்நகரத்துப் பியானோக்காரர்களுள் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் வெதர்ஃபோர்ட் என்பதே.

இப்படிப் புகழ் ஏறிக்கொண்டிருந்த அதே 1926இல், ஜாக் கார்ட்டர் என்பவருடைய கோஷ்டியிலே சேர்ந்து அவர் கீழ்த்திசை நோக்கிக் கப்பல் ஏறினார். சரித்திராசிரியர் பலர் இதைப் பெரும் பிழை என்று கருதுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் சிகாகோவிலே ஆம்ஸ்ட்ராங்கும் ஹைன்ஸும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுகள் ஜாஸ் சரித்திரத்தின் மூலநூல்களாக ஆகிவிட்டன. வெதர்ஃபோர்ட் அங்கே இருந்திருந்தால் அந்த ஸ்தானம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆனால், தாம் வாசிக்கும் ஹோட்டலின் முன்வாசல் வழியாகத் தாமே நுழைய முடியாத நிறவெறி ஆட்சி செய்த தேசத்தை விட்டு, வித்வான் என்ற மரியாதை கிடைக்கும் தேசத்துக்கு ஓர் இளைஞன் போனதைப் பிழை என்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஷாங்காய் அக்காலத்தில் பல தேசத்தாரும் கூடிய துறைமுகம். அங்கே அவர் ஒரே இரவில் நான்கு கேளிக்கை விடுதிகளில் மாறி மாறி வாசிக்கும் அளவுக்குக் கிராக்கி உள்ளவரானார். 1933இல் அந்நகருக்கு வந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், வெதர்ஃபோர்ட்டின் செல்வாக்கை நேரிலே கண்டு தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1934இல் அவர் அமெரிக்கா சென்று, பக் கிளேட்டன் என்ற இளம் டிரம்பெட் வித்வானின் கோஷ்டியைப் பேசி அமர்த்தி, ஷாங்காயின் கானிட்ரோம் நடனசாலைக்கு வரவழைத்தார். அந்தக் கிளேட்டன் பின்னர் அமெரிக்கா திரும்பி, கவுண்ட் பேஸியின் கோஷ்டியிலே பெரும் பிரசித்தி அடைந்தார். பிறரைத் தேடிப்பிடித்து மேடையேற்றும் குணம் வெதர்ஃபோர்ட்டிடம் அப்போதே தென்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் மையம் அதுதான்.

1936இல் அவர் பம்பாய் வந்தார். அதற்கு முந்திய வருஷம் லியான் அப்பி என்பவர் கறுப்பின வித்வான்களைக் கொண்ட ஜாஸ் கோஷ்டியைத் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு அழைத்து வந்திருந்தார். அவருக்குப் பின் கிரிக்கெட் ஸ்மித் என்னும் டிரம்பெட் வித்வான் அங்கே கோஷ்டி நடத்தினார். வெதர்ஃபோர்ட் ஸ்மித்தோடு சேர்ந்து வாசித்து, நாளடைவில் தாமே தலைமை ஏற்றார். 1937இல் பாரிஸ் நகரத்தில் சர்வதேசப் பொருட்காட்சி நடந்த சமயம் அங்கே போய், தனிப் பியானோவாகச் சில இசைத்தட்டுகள் கொடுத்தார். துணை வாத்தியம் ஏதுமின்றி அவருடைய இரண்டு கைகளை மாத்திரம் நாம் கேட்கவேண்டுமானால் அந்தத் தட்டுகளே கதி. பின்பு கொழும்பிலே, காலிமுகத்திடலைப் பார்த்து நிற்கும் கால்பேஸ் ஹோட்டலில் கோஷ்டி நடத்தினார். இறுதியாக, யுத்தம் மூண்ட பிறகு, கல்கத்தாவில் சௌரிங்கியிலுள்ள கிராண்ட் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார்.

கிராண்ட் ஹோட்டலின் விண்டர் கார்டன் என்னும் கூடத்திலே அவர் நடத்திய கோஷ்டிதான் அவருடைய வாழ்நாளின் சிகரம். அதிலே வாசித்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். ராய் பட்லர் என்ற சாக்ஸபோன் வித்வான் அமெரிக்கக் கறுப்பினத்தவர். டிரம்பெட் ஊதிய ஜார்ஜ் பாங்க்ஸ் ஒரு நேபாளி. புஷ்கர் பகதூர் என்பது அவருடைய இயற்பெயர். கிளாரினெட் வாசித்த ரூபன் சாலமன் இரங்கூனில் வளர்ந்த யூதர். கிடார் வாசித்த செட்ரிக் வெஸ்ட்டும் பர்மாவிலிருந்து வந்தவர். இவர்களோடு கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்திருந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே வந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே யுத்தம் துரத்திய வாத்தியக்காரர்களும் கல்கத்தாவில் ஒதுங்கினார்கள். அவர்களுள் சிலருக்கு இந்தக் கோஷ்டியிலே இடம் கிடைத்தது. நிறத்தாலும் மதத்தாலும் மனிதரைத் தரம்பிரித்த ஒரு சாம்ராஜ்யத்தின் ஹோட்டலில், ஐரோப்பியக் கழகங்கள் பலவற்றின் வாசலை இந்தியர் மிதிக்கக்கூடாதிருந்த நாளில், இத்தனை ஜாதி மனிதரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டு வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள். தலைவராக இருந்தவரோ, தம் சொந்த நாட்டில் சம உரிமை இல்லாதவர்.

கோஷ்டித் தலைவர் என்றால் கைதட்டலை முன்னால் நின்று வாங்கிக்கொள்பவர் என்று எண்ணிவிடலாகாது. இரவிலே எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று தீர்மானிப்பதும், ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து வேகத்தை நிர்ணயிப்பதும், நோட்டு படிக்கத் தெரிந்தவனையும் செவிவழியாகவே வாசிப்பவனையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்தி ஒருவன் குறையை மற்றவனால் நிரப்புவதும், சம்பளம் பேசுவதும், குடித்துவிட்டு வந்தவனைச் சமாளிப்பதும் அவர் வேலையே. மெல்லிசைக் குழு நடத்துகிறவர்கள் இந்தச் சபையில் இருந்தால், நான் சொல்வது அவர்களுக்கு நன்றாகப் புரியும். அந்த வேலையை வருஷக்கணக்கில் ஒவ்வொரு இரவும் செய்தவர் அவர்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவின் மறுபக்கத்தை மறைத்துப் பேசுவது தர்மமாகாது. 1943இல் வங்காளத்தைப் பிடித்த பஞ்சத்திலே இருபது முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. கஞ்சித் தண்ணீருக்கு யாசித்து நகரத் தெருக்களிலே ஜனங்கள் விழுந்து கிடந்த அதே மாதங்களில், கிராண்ட் ஹோட்டலுக்குள்ளே சிப்பாய்களும் சீமான்களும் நடனமாடினார்கள். அதற்கு வாத்தியக்காரரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த முரண்பாட்டைப் படைத்தது யுத்தமும் ஆட்சியும். ஆனால் அந்தச் சங்கீதம் எத்தகைய சூழலில் பிறந்தது என்பதை அறியாமல் அதைக் கேட்பவர் பாதியைத்தான் கேட்கிறார்.

கல்கத்தாவில் குவிந்த அமெரிக்கப் படைவீரர்களால் வெதர்ஃபோர்ட்டின் கோஷ்டிக்கு ஒரு புதிய வாய்ப்பும் கிட்டியது. அமெரிக்க இராணுவ ரேடியோவில் அவர்களுடைய கச்சேரி ஒலிபரப்பாயிற்று. கொலம்பியா முத்திரையிலே இசைத்தட்டுகளும் வெளிவந்தன. வணிகக் கப்பலிலே ஊழியம் செய்துகொண்டு வந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற வாலிபர் அந்தக் கோஷ்டியோடு சேர்ந்து கல்கத்தாவில் பாடினார். அவரே பிற்காலத்தில் புளூஸ் பாடகர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். அங்கேயும் அதே கதைதான்: பேர் தெரியாத ஒருவன் வெதர்ஃபோர்ட்டின் மேடையில் ஏறினான், பேர் பெறுவதற்கு உரியவனாய் இறங்கினான்.

1930களில் தொற்றுநோய் பரவிச் சிலர் இறந்ததனால் மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலை, பின்னர் ஹோட்டல்காரர் மோகன்சிங் ஓபராய் குத்தகைக்கு எடுத்துத் திரும்பத் திறந்திருந்தார். அசுத்த நீரால் வரும் நோய்கள் கல்கத்தாவுக்குப் புதியன அல்ல. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, வெதர்ஃபோர்ட் காலராவினால் மரணமடைந்தார். வயது நாற்பத்தொன்று. ஐரோப்பாவிலே யுத்தம் முடிய இரண்டு வாரம்கூட மீதியில்லாத சமயம். அமெரிக்கச் சரித்திர நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் சில வரிகள், இல்லையேல் ஓர் அடிக்குறிப்பு.

இங்கேதான் நான் அந்த நூல்களோடு மாறுபடுகிறேன். வெளிவந்த இசைத்தட்டுகளை எண்ணி ஒரு வித்வானை எடைபோடுவது எளிது, சரித்திராசிரியனுக்குச் சௌகரியமும்கூட. நம் சம்பிரதாயமோ வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. ஒரு மகாவித்வானுடைய குரலை நாம் கேட்டதே இல்லை; அவருக்கு இசைத்தட்டும் இல்லை; ஆயினும் அவருடைய சிஷ்யர் இன்னார், அவருடைய சிஷ்யர் இன்னார் என்று பரம்பரை சொல்லி, அவருடைய ஸ்தானத்தை நிச்சயிக்கிறோம். அந்த அளவுகோலை வெதர்ஃபோர்ட்டுக்கும் வைத்துப் பார்ப்போம்.

அவர் கோஷ்டியிலே டிரம்பெட் ஊதிய ஜார்ஜ் பாங்க்ஸுக்கு 1941இல் டார்ஜிலிங்கில் ஒரு மகன் பிறந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் மேலுள்ள பக்தியால் அந்த மகனுக்கு லூயிஸ் என்ற பெயர் வாய்த்தது. லூயிஸ் பாங்க்ஸ் தகப்பனாரிடம் வாத்தியம் பயின்று, கல்கத்தா பார்க் தெருவிலே புளூ பாக்ஸ் உணவு விடுதியில் பியானோ வாசித்து, தாமே கோஷ்டித் தலைவராகி, இந்திய ஜாஸுக்கு முதல்வர் என்று மதிக்கப்படும் நிலைக்கு உயர்ந்தார். கர்நாடக சங்கீதப் பாடகி ஆர். ஏ. இராமமணியோடு சேர்ந்து, இரண்டு சங்கீதங்களையும் ஒரே மேடையில் இணைத்தும் காட்டினார். 1988ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷனில் தொடங்கி, பிறகு ஓயாமல் ஒளிபரப்பான தேசிய ஒருமைப்பாட்டுப் பாட்டை, பாலமுரளிகிருஷ்ணா தமிழிலே பாடும் பகுதி வந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டவர்கள் இந்தச் சபையில் நிச்சயம் இருப்பீர்கள். அந்தப் பாட்டின் இசையமைப்பிலும் வாத்திய அமைப்பிலும் பங்கு கொண்டவர் இதே லூயிஸ் பாங்க்ஸ். கிராண்ட் ஹோட்டலிலிருந்து அவருடைய தகப்பனார் எடுத்துச் சென்ற வித்தையின் ஒரு துளி, நாற்பத்து மூன்று வருஷம் கழித்துப் பாரிவாக்கத்து வீடுகளின் கூடத்திலும் விழுந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

அந்த வித்தை நம்மை வந்தடைந்த வேறொரு வழியும் உண்டு. தாஜிலும் மற்ற ஹோட்டல்களிலும் கறுப்பின வித்வான்கள் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த கோவா வாத்தியக்காரர்கள், நடனசாலைகள் நலிந்தபோது பம்பாய் சினிமாவுக்குள் புகுந்தார்கள். அவர்களுள் சிக் சாக்லேட் என்ற டிரம்பெட் வித்வான், இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று அழைக்கப்பட்டவர், இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவோடு சேர்ந்து வேலை செய்தார். அந்த இராமச்சந்திராதான் 1958இல் ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்குச் சங்கீதம் அமைத்தவர். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடுவதைக் கண்டு களித்த நாம், பின்னணியிலே முழங்கிய வாத்தியங்களின் பூர்வோத்தரத்தை யோசித்ததில்லை. ஹோட்டல்களிலே பழுத்த அந்தக் கலை பம்பாய் சினிமாவின் வழியாகத்தான் நம் கொட்டகைகளை எட்டியது.

இந்தக் கணக்கிலே வெதர்ஃபோர்ட் தோற்றவர் அல்லர். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால், பத்துப் பேரில் ஒரு பெரிய பியானோ வித்வானாக அவர் புகழ் பெற்றிருக்கலாம். இங்கே வந்ததனால், ஜாஸ் என்பதை இசைத்தட்டிலே மாத்திரம் கேட்டிருந்த பல தேசத்து வாலிபர்களுக்கு, பக்கத்திலே உட்கார்ந்து வாசிக்கும் பேறு கிடைத்தது. தட்டைக் கேட்டு மெட்டைக் கற்கலாம். எந்த இடத்தில் அடங்கி வாசிக்கவேண்டும், அடுத்தவன் தடுமாறும்போது எப்படித் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்பதை மேடையிலேதான் கற்கமுடியும். அதைக் கற்பித்தவருக்குச் சரித்திரத்தில் ஆசிரியர் ஸ்தானம் உரியது.

முடிவாக இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெதர்ஃபோர்ட்டைப் பற்றி நாம் இவ்வளவாவது பேச முடிவதற்குக் காரணம், அவருடைய தட்டுகளில் வாசித்தவர் யார், எந்த வாத்தியம், எந்த ஊரில், எந்த வருஷம் என்று ரசிகர் சிலர் சிரத்தையோடு தேடிக் குறித்துவைத்ததுதான். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் எத்தனையோ வருஷமாக வாசித்து வரும் பாண்டுக்காரர்கள், மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர்கள், தபேலாக்காரர்கள் ஆகியோரைப் பற்றி அப்படி ஒரு குறிப்பு உண்டா? பாடியவர் பெயர் நோட்டீசில் இருக்கிறது. வாசித்தவர் பெயர் இல்லை. உங்கள் குழுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, இடம், வாசித்தவர் பெயர், அவர் யாரிடம் கற்றார் என்ற விவரம், இவ்வளவையும் எழுதிவையுங்கள். அடுத்த கச்சேரியில் நன்றியுரை சொல்லும்போது, பாடியவர்களோடு வாசித்தவர்களையும் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் செய்யுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும், சபையோர் பொறுத்துக்கொள்வார்கள்.